பெண் ஓவியர்களைக் கூடிப் படிக்க ஒரு வட்டம்: தொடங்க நினைப்பவர்களுக்கு

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்துப் பேர், ஒரு ஓவியர். இவ்வளவுதான் விஷயம். இதற்குக் கலைக் கல்லூரியில் படித்திருக்க வேண்டாம், பிரெஞ்சும் இத்தாலியனும் தெரிந்திருக்க வேண்டாம். ஆனால் தொடங்கிப் பார்த்தால்தான் தெரிகிறது: இடம் கேட்டு அலைய வேண்டியிருக்கிறது, படங்கள் மங்கலாகக் கிடைக்கின்றன, கிடைத்த தகவலில் பாதி தப்பாக இருக்கிறது, நாலாவது மாதத்தில் ஆள் குறைகிறது. திருச்சிப் பக்கம் எங்கள் வட்டம் இதையெல்லாம் தாண்டித்தான் வந்தது. நீங்களும் அதே சுற்று சுற்ற வேண்டாம் என்பதற்காக, எங்களுக்குப் பலித்த வரிசையில் எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கீழே வரும் எல்லாப் படிகளும் இதைச் சுற்றித்தான். பெண் ஓவியர்கள் என்று தொடங்கும் குழுக்கள் பெரும்பாலும் ஓவியத்தைப் பார்ப்பதே இல்லை. அவர் பட்ட கஷ்டம், கணவன் செய்த கொடுமை, கிடைக்காத அங்கீகாரம் என்று வாழ்க்கைக் கதை பேசிக் கலைந்துவிடுகின்றன. கதைக்கு இடமில்லை என்று சொல்லவில்லை. ஆனால் படம் முதலில் வரட்டும்.

1. ஆள் சேர்ப்பது

எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் போதும். இருபது பேர் வந்தால் அது சொற்பொழிவாகிவிடும். ஒருவர் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். வாட்ஸ்அப்பில் அறிவிப்புப் போட்டால் நாற்பது பேர் கை தூக்குவார்கள், வருவது ஒன்பது பேர். அதனால் கை தூக்கியவர்களை எண்ணி நாற்காலி வாடகைக்கு எடுக்காதீர்கள்.

கலவையாக இருப்பது நல்லது. எங்கள் வட்டத்தில் தையல் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். பழைய ஓவியங்களில் துணியின் மடிப்பு, ஜரிகை, லேஸ் கழுத்துப்பட்டி எல்லாவற்றையும் அவர் பார்க்கும் விதமே தனி. ஓவிய ஆசிரியர் ஒருவர் கிடைத்தால் மகிழ்ச்சிதான், ஆனால் அவரையே எல்லா மாதமும் பேசச் சொல்லாதீர்கள். ஆண்கள் வரலாமா என்று கேட்பார்கள். தாராளமாக வரலாம். யாராக இருந்தாலும் ஒரு முறைக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் பேசக் கூடாது என்று முதல் நாளே விதி போட்டுவிடுங்கள். இரண்டாம் மாதம் போட்டால் அது யாரையோ குறிவைத்துப் போட்டதாகிவிடும்.

2. இடமும் கடிதமும்

முதலில் உங்கள் ஊர்க் கிளை நூலகத்தைப் பாருங்கள். பொது நூலகங்கள் பலவற்றில் வாசகர் வட்டம் இருக்கும், சில இடங்களில் பெயரளவில் இருக்கும். புதிதாக ஒரு அமைப்பு என்று போய் நிற்பதைவிட, வாசகர் வட்டத்தின் மாத நிகழ்ச்சியாக இதை நடத்துகிறோம் என்று கேட்டால் காரியம் சீக்கிரம் ஆகும். வாடகையும் இருக்காது. சங்கப் பதிவு, பான் கார்டு, வங்கிக் கணக்கு எதுவும் வேண்டாம். யாராவது பதிவு செய்தால்தான் மதிப்பு என்று சொன்னால் ஒரு வருடம் கழித்து யோசிக்கலாம் என்று சொல்லித் தள்ளிப்போடுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை:

- நூலகர் பெயருக்கு ஒரு பக்கக் கடிதம், இரண்டு பிரதி. ஒரு பிரதியில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.
- அடுத்த ஆறு மாதத் தேதிகள், நேரம், எதிர்பார்க்கும் ஆள் எண்ணிக்கை.
- பொறுப்பாளர் இருவரின் பெயர், தொலைபேசி எண், நூலக உறுப்பினர் அட்டை நகல். அட்டை இல்லாவிட்டால் அன்றைக்கே உறுப்பினராகிவிடுங்கள்.
- கட்டணம் வசூலிக்கவில்லை, அரசியல் மத நிகழ்ச்சி இல்லை என்று ஒரு வரி. இந்த வரி இல்லாததால்தான் எங்கள் முதல் கடிதம் ஒரு மேசையிலேயே வாரக்கணக்கில் கிடந்தது.

நூலகரே முடிவு செய்ய முடியாது, மாவட்ட நூலக அலுவலரிடம் கேட்க வேண்டும் என்று சொல்லலாம். அப்படியானால் மூன்று, நாலு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். நூலகத்தின் வார விடுமுறை எந்த நாள், ஞாயிறு எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்பதையும் கேட்டுக்கொண்டு தேதி குறியுங்கள்.

கடிதத்துக்கு அலைவது சலிப்பாக இருந்தால், விலங்குகளை வரைந்த 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியர் ரோசா பொன்னரை நினைத்துக்கொள்ளுங்கள். பாரிஸ் குதிரைச் சந்தைக்கும் இறைச்சிக் கூடங்களுக்கும் போய் வரைய அவர் கால்சட்டை போட வேண்டியிருந்தது. அதற்குக் காவல்துறையிடம் அனுமதிச் சீட்டு வாங்கி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். நமக்கு ஒரு கடிதம்தான்.

நூலகம் சரிவரவில்லை என்றால் குடியிருப்போர் நலச் சங்க அறை, பள்ளி வகுப்பறை. பள்ளி என்றால் தேர்வு மாதங்கள் கிடைக்காது. யார் வீட்டிலாவது வைத்துக்கொள்ளலாம் என்பது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அந்த வீட்டுக்காரர் கடைசிவரை காபி போட்டுக்கொண்டே இருப்பார். பொது இடம்தான் நல்லது.

3. யாரை முதலில் எடுப்பது

ஃப்ரிடா காலோவில் தொடங்காதீர்கள். எல்லோருக்கும் முகம் தெரியும், கதை தெரியும், புருவம் தெரியும். புதிதாகப் பார்க்க யாரும் கண்ணைத் திறக்க மாட்டார்கள். அவரை எட்டாவது மாதம் வைத்துக்கொள்ளலாம். கால வரிசையில் போவதும் வேண்டாம். அப்படிப் போனால் முதல் மூன்று மாதமும் இத்தாலிய மேட்டுக்குடி உருவப்படங்களில் கழியும்.

என் யோசனை, முதல் மாதம் மேரி கசாட். அமெரிக்காவில் பிறந்து பாரிஸில் வாழ்ந்தவர் (1844–1926). 1893இல் அவர் வரைந்த குழந்தைக் குளியல் படம் சிகாகோ கலை நிறுவனத்தில் இருக்கிறது. கோடு போட்ட உடையில் ஒரு பெண், மடியில் குழந்தை, கீழே பாத்திரத்தில் தண்ணீர், அதில் குழந்தையின் கால். பார்த்த உடனே எல்லோருக்கும் பேச ஏதோ இருக்கும். கொஞ்சம் நேரம் போனதும் யாராவது ஒருவர், நாம் ஏன் மேலேயிருந்து பார்க்கிறோம் என்று கேட்பார். அங்கேதான் பாடம் தொடங்குகிறது. கசாட் 1890இல் பாரிஸில் ஜப்பானிய அச்சுப்படக் கண்காட்சியைப் பார்த்தார், அந்தக் கோணமும் தட்டையான வண்ணப் பரப்பும் அங்கிருந்து வந்தவை என்று அப்போது சொல்லுங்கள். முதலிலேயே சொன்னால் வீண்.

அடுத்து அம்ரிதா ஷெர்கில். 1913இல் புடாபெஸ்டில் பிறந்து, பாரிஸில் படித்து, 1941இல் லாகூரில் 28 வயதில் இறந்தவர். நமக்கு நெருக்கமான விஷயம், 1936–37இல் அவர் அஜந்தாவிலிருந்து கன்னியாகுமரி வரை வந்து போனதும், 1937இல் தென்னிந்தியா சார்ந்து மூன்று படங்கள் வரைந்ததும்: மணமகள் அலங்காரம், பிரம்மச்சாரிகள், சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தார். மூன்றையும் ஒரே அமர்வில் வைக்காதீர்கள். ஒன்றை எடுங்கள், மற்ற இரண்டையும் கடைசி பத்து நிமிடம் பக்கத்தில் வையுங்கள்.

மூன்றாவது ஜூடித் லெய்ஸ்டர், நெதர்லாந்தின் ஹார்லெம் நகரத்துக்காரர் (1609–1660). இவரை விடவே விடாதீர்கள், காரணம் 6ஆம் படியில். நாலாவது, பூச்சி செடி பிடித்தவர்களுக்காக மரியா சிபில்லா மெரியன்: 1699இல் ஐம்பது வயதைத் தாண்டி, மகளோடு கப்பலேறி சூரினாம் போய், புழு கூடு வண்ணத்துப்பூச்சி ஆகும் ஒவ்வொரு கட்டத்தையும் அது தின்னும் செடியோடு சேர்த்து வரைந்து 1705இல் நூலாக வெளியிட்டவர். அறிவியல் ஆசிரியர்கள் யாராவது இருந்தால் இந்த மாதத்தை அவர்களிடம் விட்டுவிடலாம்.

பிறகு உங்கள் விருப்பம். 17ஆம் நூற்றாண்டு இத்தாலியின் அர்தெமிசியா ஜென்டிலெஸ்கி, பிரான்ஸின் பெர்த் மொரிசோ, சுவீடனின் ஹில்மா ஆஃப் கிளின்ட் எல்லோரும் நல்ல அமர்வு தருவார்கள். தஞ்சைப் பக்கம் இருப்பவர்கள், செடி கொடிகளை வரைந்த ஆங்கிலேயர் மரியான் நார்த்தைப் பார்க்கலாம். 1870களின் கடைசியில் இந்தியா வந்தபோது தஞ்சாவூரிலும் தங்கி வரைந்தவர், லண்டன் கியூ தோட்டத்தில் அவர் பெயரில் உள்ள கூடத்தில் 800க்கும் மேற்பட்ட படங்கள் சுவர் தெரியாமல் தொங்குகின்றன. நம் பக்கத்துக்காரர் வேண்டும் என்றால் டி.கே. பத்மினி: மலப்புறம் மாவட்டத்தில் 1940இல் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் படித்து, 1969இல் பிரசவத்தில் இறந்தவர். அவருடைய படங்களின் இருட்டும் நிலவும் பெண்ணுடல்களும் எங்கள் வட்டத்தில் மிக நீண்ட மௌனத்தைக் கொண்டுவந்தவை.

ஆறு மாதத்துக்கு மட்டும் பட்டியல் போடுங்கள். அதற்கு மேல் போட்டால் நீங்களே மாற்றுவீர்கள்.

4. படங்களைப் பெறுவது

நேரம் அதிகம் தின்பது இந்தப் படிதான். ஒரு அமர்வுக்கு இரண்டு மணி நேரமாவது தேட ஒதுக்குங்கள், அமர்வுக்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.

தேடுபொறியில் முதலில் வரும் படத்தை எடுக்காதீர்கள். ஒரே ஓவியம் மஞ்சளாக ஒன்று, நீலமாக ஒன்று, ஓரம் வெட்டியது ஒன்று என்று பத்து விதமாகக் கிடைக்கும். இப்போது செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய போலிப் படங்களும் அந்தந்த ஓவியர் பெயரிலேயே சுற்றுகின்றன. படம் எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். பிறகு அந்த அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்துக்குப் போய், அங்கிருந்து பதிவிறக்குங்கள். நியூயார்க்கின் மெட் அருங்காட்சியகம், சிகாகோ கலை நிறுவனம், வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம், ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் நான்கும் காப்புரிமை முடிந்த படங்களைப் பெரிய அளவில் இலவசமாகத் தருகின்றன. ஷெர்கில்லின் படங்களில் பெரும்பகுதி டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில்; அவற்றில் பலவற்றை கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சரில் நன்றாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம். தமிழ் எழுத்தில் தேடினால் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது. ஒவ்வொரு ஓவியர் பெயரையும் ஆங்கில எழுத்திலும் வட்டத்தின் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.

காப்புரிமை பற்றிப் பயப்படவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். இந்தியச் சட்டப்படி ஓவியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். ஷெர்கில் இறந்தது 1941, ஆக எப்போதோ முடிந்தது. 1962இல் இறந்த வங்காள ஓவியர் சுனயனி தேவியின் படங்களுக்கு 2022 கடைசியோடு முடிந்தது. பத்மினிக்கு 2029 முடியும் வரை இருக்கிறது. படிப்பதற்கும் விமர்சிப்பதற்கும் நியாயமான அளவில் பயன்படுத்தச் சட்டத்திலேயே இடம் உண்டு, எனவே அமர்வில் காட்டுவதற்குத் தடை இல்லை. காலண்டர் அடித்து விற்பது, சட்டையில் அச்சடிப்பது எல்லாம் வேறு கதை. அதற்குள் போகாதீர்கள்.

செலவு. எங்கள் பக்கம் ஏ3 அளவில் ஆர்ட் பேப்பரில் ஒரு கலர் பிரிண்ட் 40 முதல் 80 ரூபாய் வரை ஆகிறது. சாதாரணத் தாளில் எடுத்தால் பாதிதான், ஆனால் இருட்டான ஓவியங்கள் கரிக்கட்டையாக வரும். அர்தெமிசியாவின் படங்களுக்கு அந்தத் தாள் ஆகவே ஆகாது. மூன்று பேருக்கு ஒரு ஏ3 என்று கணக்குப் போடுங்கள். புரொஜெக்டர் வாடகைக்கு எடுக்கலாம், ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டி வரும். ஆனால் நூலகத்தில் இருட்டு கிடைக்காது, ஜன்னல் வெளிச்சத்தில் படம் வெளுத்துவிடும். என்னைக் கேட்டால் தாள்தான். கையில் வைத்துக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்க்கலாம்.

தாளில் ஒரு பெரிய ஆபத்து, எல்லாப் படமும் ஒரே அளவாகிவிடுவது. பொன்னரின் குதிரைச் சந்தை எட்டடி உயரம், பதினாறடிக்கு மேல் அகலம். இத்தாலிய ஓவியர் சோஃபோனிஸ்பா ஆங்குவிசோலா 1556 வாக்கில் வரைந்த ஒரு தன்னுருவப் படம், இப்போது பாஸ்டனில் இருப்பது, உள்ளங்கையில் அடங்கும்: உயரம் எட்டு சென்டிமீட்டர் சொச்சம். ஏ3 தாளில் இரண்டும் ஒன்றுதான். அதனால் அருங்காட்சியகத் தளத்தில் நீள அகலத்தைக் குறித்துக்கொண்டு, தரையில் சாக்பீஸால் அந்த அளவுக்குக் கட்டம் போடுங்கள். ஹில்மா ஆஃப் கிளின்ட் 1907இல் வரைந்த பத்துப் பெரும் படங்கள் ஒவ்வொன்றும் மூன்று மீட்டருக்கு மேல் உயரம். கட்டத்தைப் போட்டதும் ஒருவர் அதற்குள் போய்ப் படுத்துப் பார்த்தார், அப்புறம்தான் எல்லோருக்கும் அளவு புரிந்தது. சாக்பீஸ் விலை பத்து ரூபாய்.

5. அமர்வை நடத்துவது

ஒன்றரை மணி நேரம். அதற்கு மேல் இழுக்காதீர்கள், பஸ் பிடிக்க வேண்டியவர்கள் இருப்பார்கள்.

முதல் பத்து நிமிடம் யாரும் பேசக் கூடாது. படத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஓவியர் பெயரோ தலைப்போ தாளில் இருக்கக் கூடாது, பின்பக்கம் எழுதிக்கொள்ளலாம். செல்போன் பையில். மூன்றாம் நிமிடத்தில் எல்லோருக்கும் அலுப்பு வரும், சிலர் சிரிப்பார்கள். ஐந்தாம் நிமிடத்துக்கு மேல்தான் கண் வேலை செய்யத் தொடங்கும். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்து இருபது நிமிடம், ஒவ்வொருவராக, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்ல வேண்டும். சோகமாக இருக்கிறாள் என்பது தெரிவது இல்லை, ஊகம். கண் கீழே பார்க்கிறது, கை மடியில் இருக்கிறது என்பது தெரிவது. ஷெர்கில்லின் மூன்று பெண்கள் படத்துக்கு இது மிகவும் பொருந்தும். மூவரில் ஒருவரும் நம்மைப் பார்க்கவில்லை என்பதைச் சொல்லவே எங்கள் வட்டத்தில் நேரமாயிற்று; வந்த உடனே எல்லோரும் பெண்ணடிமை பற்றிப் பேசத் தயாராக இருந்தார்கள்.

லெய்ஸ்டரின் தன்னுருவப் படத்தை எடுங்கள், 1630 வாக்கில் வரைந்தது, வாஷிங்டனில் இருக்கிறது. என்னென்ன வரும் பாருங்கள். நாற்காலியில் திரும்பி உட்கார்ந்திருக்கிறார். வாய் லேசாகத் திறந்திருக்கிறது, ஏதோ சொல்ல வருகிறவர் மாதிரி. ஒரு கையில் தூரிகை, இன்னொரு கையில் ஒரு கொத்துத் தூரிகை. அவர் வரைந்துகொண்டிருக்கும் படத்தில் ஒரு பிடில்காரன் சிரிக்கிறான். இந்த அகலமான கழுத்துப்பட்டியைப் போட்டுக்கொண்டு எண்ணெய் வண்ணம் தொட முடியுமா என்று எங்கள் தையல்காரர் கேட்டார். முடியாது. வேலை செய்யும் உடை இல்லை அது. வாடிக்கையாளருக்குக் காட்டும் உடை. அப்போது இது விளம்பரமும்தானே? உருவப்படமும் வரைவேன், சிரிக்கும் பிடில்காரனையும் வரைவேன் என்று ஒரே படத்தில் சொல்கிறார். இதன் பிறகு, அகச்சிவப்புப் படம் எடுத்ததில் பிடில்காரன் இருக்கும் இடத்தில் முதலில் ஒரு பெண் முகம் இருந்தது தெரியவந்தது என்று சொல்லுங்கள். பத்து நிமிடம் சண்டை நிச்சயம்.

அதன் பிறகுதான் வாழ்க்கைக் குறிப்பு. அந்த மாதப் பொறுப்பாளர் பதினைந்து நிமிடத்தில் முடிக்க வேண்டும். யாரிடம் கற்றார், யார் பணம் கொடுத்தார்கள், எதை வரைய அனுமதி இருந்தது, எதற்கு இல்லை. இந்த நாலு கேள்விக்குப் பதில் கிடைத்தால் போதும். மற்றதெல்லாம் டீ குடிக்கும்போது பேசலாம். மீதி நேரம் திரும்பப் படத்துக்கு.

ஒரு எச்சரிக்கை. நிர்வாணப் படங்கள் வரும், வன்முறை வரும். அர்தெமிசியா என்றால் அவருக்கு இழைக்கப்பட்ட பாலியல் வன்முறைக்காக 1612இல் ரோமில் நடந்த வழக்கைத் தவிர்க்க முடியாது. அறிவிப்பிலேயே ஒரு வரி போட்டுவிடுங்கள், சிறுவர்களோடு வருபவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும். நூலகரிடமும் படத்தை முன்கூட்டியே காட்டிவிடுங்கள். காட்டாமல் போய், பாதியில் யாரோ புகார் சொல்லி, அடுத்த மாத அனுமதி நின்றுபோன வட்டம் ஒன்றை எனக்குத் தெரியும்.

6. தகவலைச் சரிபார்ப்பது

இந்தத் துறையில் பொய் குறைவு, மிகைப்படுத்தல் அதிகம். மூன்று இடத்தில் கவனம்.

யார் வரைந்தது. அதே ஹார்லெமின் புகழ்பெற்ற ஆண் ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸ் வரைந்ததாக விற்கப்பட்ட, இப்போது பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு படத்தில் லெய்ஸ்டரின் முத்திரை, அதாவது அவர் பெயரின் முதலெழுத்துகளும் ஒரு நட்சத்திரமும், இருப்பதை 1893இல் ஒரு ஆய்வாளர் கண்டுபிடித்தார். அதுவரை சுமார் இருநூறு வருடம் லெய்ஸ்டர் என்று ஒருவர் இருந்ததே கலை உலகத்துக்கு மறந்துபோயிருந்தது. மெட் அருங்காட்சியகத்துக்கு 1917இல், புகழ்பெற்ற பிரெஞ்சு ஓவியர் ஜாக் லூயி டேவிட் வரைந்தது என்று வந்த ஒரு இளம்பெண்ணின் படம், 1951இல் சந்தேகத்துக்குள்ளாகி, ஒரு பெண் ஓவியர் பெயருக்கு மாறி, இப்போது மரீ தெனீஸ் வில்லேர் என்ற இன்னொரு பெண்ணின் பெயரில் நிற்கிறது. பழைய புத்தகத்தில் ஒரு பெயர், தளத்தில் ஒரு பெயர் இருந்தால் குழம்ப வேண்டாம். படத்தை வைத்திருக்கும் அருங்காட்சியகம் இன்று சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவே ஒரு நல்ல அமர்வும்கூட: பெயர் மாறியபின் படம் நமக்கு வேறு மாதிரி தெரிகிறதா?

முதல் பெண் என்ற பட்டம். லண்டன் ராயல் அகாடமி என்ற கலைஞர் அமைப்பின் முதல் பெண் உறுப்பினர் யார்? 1768இல் நிறுவியவர்களிலேயே ஆஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர் என்று இரண்டு பெண்கள் உண்டு. லாரா நைட் என்றும் படிப்பீர்கள். 1936இல் முழு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் அவர். இரண்டும் சரிதான், சொல்லும் விதம்தான் முக்கியம். இடையில் 168 வருடம் என்பதை யாராவது கழித்துப் பார்த்துச் சொல்வார்கள்.

காரண காரியக் கதை. அர்தெமிசியாவின் எல்லாப் படமும் பழிவாங்கல் என்று எழுதுவது வழக்கம். குளிக்கும் பெண்ணை இரண்டு கிழவர்கள் தொல்லை செய்யும் அவருடைய சூசன்னா படத்தில் 1610 என்று ஆண்டு போட்டிருக்கிறது, அவர் மீதான தாக்குதல் நடந்தது 1611. ஆண்டைப் பார்த்தாலே பாதிக் கதை விழுந்துவிடும். வாழ்க்கையும் படமும் தொடர்பில்லாதவை என்று நான் சொல்லவில்லை. ஆண்டைப் பாருங்கள் என்கிறேன்.

எதிலும் குறைந்தது இரண்டு இடத்தில் சரிபாருங்கள். அருங்காட்சியகக் குறிப்பு ஒன்று, புத்தகம் ஒன்று. காணொளிகள் உற்சாகத்துக்கு மட்டும்.

7. நேரில் பார்க்கப் போவது

வருடத்துக்கு ஒரு பயணம் போதும். சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் முதல் பயணத்துக்கு ஏற்றது. அர்னவாஸ் வாசுதேவ், சிற்பி அனிலா ஜேக்கப் போன்ற பெண்கள் அந்த வட்டாரத்தோடு சேர்ந்து வேலை செய்தவர்கள். திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் ரவி வர்மாவின் தங்கை மங்களா பாய் தம்புராட்டி, அண்ணனை வரைந்த படம் இருக்கிறது. அண்ணனைப் பார்க்க வரும் கூட்டத்தில் தங்கையைத் தேடி வந்தோம் என்று சொல்வது தனி மகிழ்ச்சி. பெங்களூரு தேசிய நவீனக் கலைக்கூடமும் ஒரே இரவு ரயில் தூரம்தான்.

கவனிக்க: பெங்களூருக்கு திங்கள் விடுமுறை. திருவனந்தபுரத்துக்கும் திங்கள் விடுமுறை, புதன் காலையும் மூடியிருக்கும். எழும்பூர் அரசு அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை கிடையாது. போவதற்கு ஒரு வாரம் முன் தொலைபேசியில் அழைத்து, நீங்கள் பார்க்க விரும்பும் படம் இப்போது சுவரில் இருக்கிறதா என்று படத்தின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். சேகரிப்பில் இருப்பது வேறு, தொங்குவது வேறு. பத்துப் பேருக்கு மேல் போனால் ஒரு கடிதமும் அடையாள அட்டைகளும் வைத்துக்கொள்ளுங்கள். நுழைவுக் கட்டணம் பெரிதாக இருக்காது. ரயிலும் சாப்பாடும்தான் செலவு. புகைப்பட அனுமதியை வாசலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஒரு நாளில் ஐந்து படத்துக்கு மேல் நின்று பார்க்க முயலாதீர்கள்.

8. பணக் கணக்கு

மாதம் ஆளுக்கு ஐம்பது ரூபாய் வாங்கினால் பிரிண்டும் டீயும் அடங்கிவிடும். ஒரு நோட்டில் வரவு செலவு எழுதி ஒவ்வொரு கூட்டத்திலும் மேசை மேல் வையுங்கள். நூலக வளாகத்துக்குள் பணம் வசூலிக்காதீர்கள், கட்டணம் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். வாட்ஸ்அப் குழுவிலேயே யுபிஐ வழியாக முடித்துவிடலாம். யாராவது நன்கொடை தர முன்வந்தால் கலைப் புத்தகமாக வாங்கி நூலகத்துக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். நல்ல கலைப் புத்தகம் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் ஆகும், அது நூலக அலமாரியில் இருந்தால் எல்லோருக்கும் பயன்.

9. எழுதி வைப்பது

ஆறு மாதம் கழித்து, கையில் குறிப்புகள் நிறைய இருக்கும். அவற்றைத் தமிழ் விக்கிப்பீடியாவில் சேர்க்கலாம். பல பெண் ஓவியர்களுக்கு அங்கே கட்டுரை சிறியதாக இருக்கிறது, அல்லது இல்லை. புதிய கட்டுரை தொடங்குவதற்கு முன் இருக்கும் கட்டுரைகளில் திருத்தம் செய்து பழகுங்கள். முதல் நாளே புதிதாக எழுதினால், சான்று போதவில்லை என்று நீக்கப்படும், மனம் விட்டுப்போகும். ஒவ்வொரு தகவலுக்கும் வெளியான, நம்பகமான சான்று வேண்டும். எங்கள் வட்டத்தில் பேசினோம் என்பது சான்று ஆகாது. புத்தக வரிகளை அப்படியே எடுத்துப் போடாதீர்கள், சொந்த வாக்கியத்தில் எழுதுங்கள். படம் ஏற்றும்போது மட்டும் மறுபடி 4ஆம் படிக்குப் போய் ஓவியர் இறந்த ஆண்டைப் பாருங்கள். காப்புரிமை முடியாத ஓவியத்தை நீங்களே செல்போனில் எடுத்திருந்தாலும் ஏற்றக் கூடாது, ஏற்றினால் சில நாளில் தூக்கிவிடுவார்கள்.